பெட்டிக்குக் கட்டிய 20,400 ரூபாய்

மகளின் பிரசவத்துக்காகப் பாரிஸ் போய்விட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பும் வழியில், பெங்களூரு விமான நிலையத்தில் கூடுதல் எடைக்காக மட்டும் 20,400 ரூபாய் கட்டினேன். அங்கிருந்து சென்னைக்கு வந்த விமானத்தில் நான் உட்கார்ந்து வந்த இருக்கைக்கு 4,300 ரூபாய்தான். முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். ஆனாலும் அந்த அதிகாலையில், வரிசையில் எனக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது, ஒரு கணக்கும் ஓடவில்லை. யாராவது முன்பே சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்ற ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்கத் தனியாக விமானம் ஏறும் அம்மாக்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

2025 மே மாதம் போனேன், ஆகஸ்ட் தொடக்கத்தில் திரும்பினேன். குறுகிய காலப் பார்வையாளர் விசாவில் 90 நாளுக்கு மேல் அங்கே தங்க முடியாது என்பதால் திரும்பும் தேதி முதலிலேயே முடிவாகிவிட்டது. போகும்போது எடைப் பிரச்சினை எதுவும் இல்லை. சென்னையிலிருந்து பாரிஸுக்கு ஒரே டிக்கெட், இரண்டு பெட்டி. பிரசவ மருந்து, பூண்டு, நம் ஊர் வடகம், புழுங்கலரிசி ரவை என்று நிரப்பிக்கொண்டு போனேன். நெய் மட்டும் எடுத்துப் போகவில்லை. பால் பொருள்களையும் இறைச்சியையும் வெளியிலிருந்து வரும் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். திரும்பும் டிக்கெட்டை மாப்பிள்ளை அங்கிருந்தே எடுத்தார். பாரிஸிலிருந்து பெங்களூரு வரை ஒரு டிக்கெட், பெங்களூருவிலிருந்து சென்னைக்கு வேறொரு நிறுவனத்தில் தனி டிக்கெட். சென்னை வரை ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட இப்படிப் பிரித்து எடுத்தால் 9,000 ரூபாய் குறைவு என்றார். நல்ல மனதோடுதான் செய்தார், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நானும் சந்தோஷமாகவே தலையாட்டினேன். முதல் டிக்கெட்டில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி என்று இருந்ததைப் படித்தேன். இரண்டாவது டிக்கெட்டைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. எல்லாம் ஒரே பயணம்தானே என்று நினைத்துவிட்டேன்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் முழுக்கப் பெட்டி கட்டும் வேலைதான். பாரிஸுக்கு வெளியே லா கூர்நெவில் மகள் வீடு. அக்கம்பக்கத்தில் புதுச்சேரிக் குடும்பங்களும் ஈழத்துக் குடும்பங்களும் நிறைய உண்டு. நான் ஊருக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு பொட்டலம் வந்தது. மாடி வீட்டு அம்மா, குருசுக்குப்பத்தில் இருக்கும் தன் அக்காவுக்கு என்று நான்கு கிலோவில் ஒரு பை கொடுத்தார். அதில் அவர் கையால் காய்ச்சிய அத்திப்பழ ஜாம் இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் இருந்தது. மூடியின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, நடுங்கிய எழுத்தில் ‘அக்காவுக்கு’ என்று தமிழில் எழுதியிருந்தார். மறுக்க மனம் வருமா? மகள் தன் பங்குக்கு ஒரு வார்ப்பிரும்புச் சட்டி வாங்கிக் கொடுத்தாள், மூடியோடு நாலரை கிலோ. கட்டி கட்டியாக மார்செய் சோப்பு, உறவுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் சாக்லேட், பேத்தி போட்டுக் கழித்த சின்னச் சின்னச் சட்டைகள். அந்தச் சட்டைகள் எடையே இல்லை, அவற்றை மட்டும் விட்டுவர என்னால் முடியாது.

எடை பார்த்தோம், பார்க்காமல் இல்லை. குளியலறையில் ஆள் ஏறி நிற்கும் எடைக் கருவி ஒன்று இருந்தது. மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் நின்றாள், பிறகு தனியாக நின்றாள், கழித்துப் பார்த்தோம். முதல் பெட்டி 24, இரண்டாவது 20 என்று வந்தது. ‘மொத்தம் 46-க்குள் இருக்கிறதே அம்மா, போதும்’ என்றாள். பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகாதவளைப் பெட்டி தூக்க விட்டேனே என்று இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. இந்த முறையில் ஒன்றிரண்டு கிலோ பிசகுவது சாதாரணம். பெட்டியின் சொந்த எடையையும் யாரும் யோசிப்பதில்லை. என்னுடைய பெரிய பெட்டி காலியாகவே ஐந்து கிலோவுக்கு மேல். இரண்டு பெட்டிக்கும் சேர்த்தால் பத்து கிலோ. அனுமதியில் ஐந்தில் ஒரு பங்கைப் பெட்டியே தின்றுவிடுகிறது. புதிதாக வாங்குபவர்கள் பூப்போட்ட உறையைப் பார்க்காமல் காலிப் பெட்டியின் எடையைக் கேட்டு வாங்குங்கள்.

மாப்பிள்ளை விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடினார். கவுண்டரில் முதல் பெட்டி 26.4 காட்டியது, இரண்டாவது 20.8. அந்தப் பெண் முதல் பெட்டிக்கு 100 யூரோ கேட்டார். யூரோ அப்போது 100 ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோ சொச்சம்தானே அதிகம் என்று நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாதாடினேன். பொறுமையாகவே பதில் சொன்னார்: கூட்டிப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக 23-க்குள் இருக்க வேண்டும், 32-ஐத் தாண்டினால் பணம் கொடுத்தாலும் ஏற்க மாட்டோம், தூக்கும் தொழிலாளியின் முதுகு என்ன ஆவது என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு நியாயமாகவே பட்டது.

ஓரமாகப் போய்த் தரையில் பெட்டிகளைத் திறந்தேன். என் உள்பாவாடையும் பேத்தியின் சட்டைகளும் வருகிற போகிறவர்கள் பார்வையில் கிடந்தன. கூச்சத்தில் கை நடுங்கியது. வரிசையில் நின்ற ஓர் ஈழத்துத் தம்பி தன்னிடமிருந்த கொக்கி வைத்த கைத்தராசைக் கொடுத்து, ‘அக்கா, இதில மாட்டித் தூக்கிப் பாருங்கோ’ என்றார். உள்ளங்கையில் அடங்கும் கருவி. பெட்டியின் கைப்பிடியில் கொக்கியை மாட்டித் தூக்கினால் திரையில் எண் நிற்கிறது. சோப்புக் கட்டிகளை முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினேன். இன்னும் ஒரு கிலோ இருநூறு கிராம் மிச்சம். கைக்கு முதலில் அகப்பட்ட இரண்டு ஜாம் குப்பிகளையும் எடுத்துத் தோள்பையில் போட்டேன். இரண்டு பெட்டியும் 23-இல் வந்து நின்றன. 100 யூரோ மிச்சம் என்ற நிம்மதி அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை.

பாதுகாப்புச் சோதனையில் பையை நிறுத்திவிட்டார்கள். கையில் கொண்டுபோகும் பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கூடாது என்பது எனக்குத் தெரியும், தண்ணீர்ப் பாட்டிலை முன்பே காலி செய்திருந்தேன். ஜாமும் திரவக் கணக்கில் வரும் என்பது தெரியாது. பசை மாதிரி, கூழ் மாதிரி இருக்கும் எதுவும் அப்படித்தான். ஊறுகாய், தேன், பற்பசை, தைலம் எல்லாம் அதில் அடக்கம். அந்தக் காவலர் இரண்டு குப்பிகளையும் எடுத்துத் தொட்டியில் போட்டார். ‘அக்காவுக்கு’ என்ற எழுத்து மேலே தெரிந்தபடி ஒரு குப்பி சரிந்து கிடந்தது. அதைப் பார்த்தபோதுதான் முதல் தடவையாக அழுதேன். கவுண்டரில் எடை அதிகம் என்று சொன்னால் பதற்றத்தில் எல்லோரும் கனமான பொருளைத்தான் கைப்பைக்கு மாற்றுவோம், கனமான பொருள் பெரும்பாலும் குப்பியாகத்தான் இருக்கும். மாற்ற வேண்டி வந்தால் சாக்லேட், புத்தகம், செருப்பு, துணி இவற்றை மாற்றுங்கள். இவற்றைப் பெட்டியின் மேல்பகுதியிலேயே தனிப் பையில் வைத்துவிட்டால் தரையில் எதையும் பரப்ப வேண்டியதில்லை.

பெங்களூருவில் இறங்கியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. தனி டிக்கெட் என்பதால் பெட்டிகள் சென்னைக்குத் தாமாகப் போகாது. நானே எடுத்துக்கொண்டு சுங்கத்தைக் கடந்து வெளியே வந்து, மறுபடி உள்நாட்டுக் கவுண்டரில் போட வேண்டும். சுங்கத்தில் தொல்லை இல்லை. இந்தியாவில் வசிப்பவருக்கு அப்போது 50,000 ரூபாய் மதிப்பு வரை வரியில்லை, என்னிடம் இருந்தவை அதற்குள்தான். சென்னை விமானம் காலை ஆறரைக்கு. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பெட்டிகளின்மேலும் காலை வைத்தபடி கண்ணயராமல் இருந்தேன்.

அப்போதுதான் இன்னொரு தவறு தெரிந்தது. மூன்று மாதமாக ரீசார்ஜ் செய்யாததால் என் இந்திய சிம் செத்துக் கிடந்தது. விமான நிலைய வைஃபையில் நுழையவும் ஓடிபி கேட்டது. அந்த ஓடிபி வருவதற்குத்தான் சிம் வேண்டும். மகளுக்கு வந்துசேர்ந்த செய்தியைக்கூடச் சொல்ல முடியவில்லை. சிம் வேலை செய்திருந்தால் காத்திருந்த நேரத்தில் இரண்டாவது டிக்கெட்டைத் திறந்து படித்திருப்பேன், கூடுதல் எடையை இணையத்தில் முன்பே வாங்கியிருக்கலாம், மாப்பிள்ளையாவது அங்கிருந்து வழி சொல்லியிருப்பார். திரும்பிவரும் நாளுக்கு முன்பே ஊரில் இருக்கும் யாரையாவது விட்டு உங்கள் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் வேலை, எனக்குப் பல ஆயிரம் போனது.

நாலரை மணிக்குக் கவுண்டர் போனேன். உட்கார்ந்திருந்த பையன் ஓசூர்ப் பக்கம் போலிருக்கிறது, தமிழில் பேசினான். டிக்கெட்டைப் பார்த்தான், பெட்டிகளைப் பார்த்தான். ‘அம்மா, உங்களுக்கு 15 கிலோதான்’ என்றான். எனக்கு முதலில் புரியவே இல்லை. ‘தம்பி, பாரிஸிலிருந்து வருகிறேன், இரண்டு பெட்டிக்கு அனுமதி உண்டு’ என்று பழைய டிக்கெட்டை நீட்டினேன். ‘அது அந்த விமானத்தோடு முடிந்துவிட்டதம்மா. எங்களைப் பொறுத்தவரை நீங்கள் பெங்களூருவில் ஏறிச் சென்னையில் இறங்கும் பயணி’ என்றான். கைப்பெட்டியையும் வைக்கச் சொன்னான். பாரிஸில் 12 கிலோ வரை விட்டார்கள், இங்கே 7-தான், என்னிடம் 10 இருந்தது. அந்த மூன்று கிலோவையும் பெரிய பெட்டிக்கு மாற்றினேன். மாற்றி முடித்துப் பூட்டியதும், பவர் பேங்க் உள்ளே இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. லித்தியம் மின்கலம் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கையில்தான் இருக்க வேண்டும். மறுபடி பூட்டைத் திறந்து, சேலைகளுக்கு நடுவில் கைவிட்டுத் துழாவி எடுத்தேன். பின்னால் யாரோ ‘சீக்கிரம்’ என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

மொத்தம் 49 கிலோ. 15 போக 34. கிலோவுக்கு 600 ரூபாய். அவன் சொல்வதற்கு முன்பே 20,400 என்று மனதில் விழுந்துவிட்டது. ‘முன்பே இணையத்தில் எடுத்திருந்தால் இதைவிடக் குறைவாக முடிந்திருக்கும் அம்மா, இப்போது கவுண்டர் விலைதான்’ என்றான். அவனுக்கும் சங்கடம்தான், முகத்தில் தெரிந்தது. ஒரு பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா, யாரிடம் விடுவது, உறவென்று இந்த ஊரில் யார்? புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கவுண்டரை மூடிவிடுவார்கள் என்ற அவசரம் வேறு. அட்டையை நீட்டினேன். ரசீது நீளமாக வந்தது. அதை மடித்துப் பர்ஸில் வைத்தபோது, என் ஓய்வூதியத்தில் இது எத்தனை நாள் என்றுதான் தோன்றியது. விமானத்தில் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

ஒரு விஷயம் வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்கு நேர்ச்சாலை இருக்கிறது. பிறகு விசாரித்தேன். விமான நிலையத்திலிருந்து ஒரு வாடகைக் கார் பிடித்திருந்தால் பத்தாயிரத்துக்குள் முத்தியால்பேட்டையில் என் வீட்டு வாசலிலேயே இறங்கியிருக்கலாம். சென்னையில் இறங்கி அங்கிருந்து மறுபடி மூன்று மணி நேரம் பெட்டிகளோடு அல்லாடியிருக்க வேண்டியதில்லை. 4,300 ரூபாய் டிக்கெட் வீணாகிவிடுமே என்ற எண்ணம்தான் என் கண்ணை மறைத்தது. போன பணத்தைக் காப்பாற்ற அதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு கொட்டினேன். உங்களுக்கு இப்படி ஒரு நிலை வந்தால் வரிசையிலிருந்து இரண்டு நிமிடம் விலகி நில்லுங்கள். இந்தப் பெட்டியோடு நான் ஊர் போய்ச் சேர வேறு வழி உண்டா, அதற்கு என்ன செலவாகும் என்று மட்டும் யோசியுங்கள். வரிசை மறுபடி கிடைக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்வது இதுதான். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் வெளிநாட்டுப் பயணத்தின் எடை அனுமதி பொதுவாக உள்ளூர் விமானத்துக்கும் தொடரும். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கலாம், ஆனால் எடைக் கணக்கு மாறாது. வளைகுடா நகரம் ஏதாவது ஒன்றில் மாறி நேரே சென்னைக்கே வரும் டிக்கெட் என்றால் பெட்டியையும் சென்னையில்தான் பார்ப்போம். தனித்தனி டிக்கெட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு: முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது, புது டிக்கெட்தான். எடை அனுமதி டிக்கெட்டிலேயே ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரில் அச்சாகியிருக்கும். ‘2 பிசி’ (2PC) என்றிருந்தால் இரண்டு உருப்படி, ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு. ‘30 கே’ (30K) என்றிருந்தால் மொத்தம் 30 கிலோ. பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தாலும் அந்த வரியை நாமே கண்ணால் பார்த்துவிட வேண்டும். பிரித்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் உள்நாட்டு நிறுவனத்தில் கூடுதல் எடையை இணையத்தில் முன்பே வாங்கி, அதையும் சேர்த்து விலையை ஒப்பிடுங்கள். வெளிநாட்டு விமானத்திலிருந்து இறங்கி மாறுபவர்களுக்குச் சில நிறுவனங்கள் சலுகை தருவதும் உண்டு, கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அப்படி விலையை ஒப்பிட்டிருந்தால் எங்களுக்கு மிச்சமான 9,000, மிச்சமே இல்லை என்று வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

சுமந்து வந்தவற்றையும் அப்புறம் கணக்குப் பார்த்தேன். 600 கிராம் சோப்புக் கட்டி அங்கே 4 யூரோ. அதைப் பெங்களூருவிலிருந்து சென்னைக்குக் கொண்டுவர மட்டும் 360 ரூபாய் கொடுத்திருக்கிறேன். வார்ப்பிரும்புச் சட்டிக்கு 2,700. மகள் ஆசையாய்க் கொடுத்தது, அதில் குழம்பு வைக்கும்போதெல்லாம் அவள் நினைவு வருகிறது, அந்தப் பணம் எனக்கு வலிக்கவில்லை. சோப்பு வலிக்கிறது. கிலோவுக்கு என்ன கட்டணம் என்று தெரிந்துகொண்டு, அதைவிட மலிவான பொருளையோ அதை ஒட்டிய விலையுள்ள பொருளையோ தூக்காதீர்கள். மற்றவர்கள் தரும் பொட்டலத்தை வாங்குவதென்றால் அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பார்த்து, எடை போட்டு வாங்குங்கள். ‘பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா’ என்று பயணத்தில் கேட்பார்கள், அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது பிறகு அவதிப்படுவதைவிட நல்லது. நான் சொல்லவில்லை, முகம் வாடிவிடுமே என்று பயந்தேன்.

குருசுக்குப்பம் போய் அந்தப் பெரியம்மாவிடம் பையைக் கொடுத்தபோது ஜாம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எண்பது வயது இருக்கும். ‘எழுத்து அவள் கையெழுத்தா?’ என்று கேட்டார். ஆமாம், ‘அக்காவுக்கு’ என்று எழுதியிருந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார். பெங்களூருவில் கட்டிய பணத்தை மகளிடம் பன்னிரண்டு நாள் மறைத்தேன். ரசீதைப் படமெடுத்து அனுப்பிய அன்று மாப்பிள்ளை பேசினார், ‘அத்தை, நான் பார்த்திருக்க வேண்டும்’ என்று அவர் குரல் தழுதழுத்தது. நான்தான் தேற்றினேன்.

வருகிற பிப்ரவரியில் பேத்தியைப் பார்க்கச் சம்பந்தியம்மா போகிறார். சென்னையிலிருந்து போக, வர ஒரே டிக்கெட். இரண்டு பக்கத்துக்கும் எடை எழுதியிருக்கும் வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு மாப்பிள்ளை அனுப்பியிருக்கிறார். ஈழத்துத் தம்பி வைத்திருந்தது போலவே ஒரு கைத்தராசு வாங்கி நேற்று நெல்லித்தோப்பில் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். காலிப் பெட்டியை மாட்டித் தூக்கிக் காட்டினேன். 3.1 என்று வந்தது. பெட்டியின் உள்மூடியில் அந்த எண்ணை எழுதி ஒட்டிவிட்டோம்.